பி.சி.பி. வடிவமைப்பு: துளையின் அளவைத் தீர்மானிப்பது எப்படி?

பாலிடெக்னிக்கிலும் பொறியியல் கல்லூரியிலும் எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் நம் பிள்ளைகள் பலர், இறுதியாண்டு புராஜெக்டுக்கான பி.சி.பி. போர்டைத் தாங்களே கணினியில் வடிவமைத்து, கம்பெனியில் ஆர்டர் கொடுத்து வாங்குகிறார்கள். பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் சகோதரர்களில் சிலர் சார்ஜர், ஆம்ப்ளிஃபயர் போர்டுகளைச் சொந்தமாகத் தயாரித்து விற்கவும் செய்கிறார்கள். பணம் கட்டி, காத்திருந்து, போர்டு கைக்கு வந்த பிறகு டையோடின் கால் துளைக்குள் நுழையவில்லை என்றால் அத்தனை போர்டும் வீண். இதைத் தவிர்க்கத் தேவையானது கொஞ்சம் கூட்டல் கணக்கும் பொறுமையும்தான்.

துளைக்குள் இருக்கும் செம்பு

இரண்டு பக்கமும் செம்பு உள்ள போர்டில், துளையின் உட்சுவரிலும் செம்பு பூசப்படுகிறது. வழக்கமாக இதன் தடிமன் 20 முதல் 25 மைக்ரான். மேல் பக்கத்தையும் கீழ்ப் பக்கத்தையும் மின்சார ரீதியாக இணைப்பது இந்தப் பூச்சுதான். பூச்சு ஏறினால் துளை சிறுத்துவிடும் என்பதால், கம்பெனிக்காரர்கள் நாம் கேட்டதைவிடச் சற்றுப் பெரிய டிரில் பிட்டால் துளையிடுகிறார்கள். எனவே நாம் கொடுக்க வேண்டியது பூச்சுக்குப் பிந்தைய இறுதி அளவு. பூச்சுக்காக நாமும் தனியாகக் கூட்டத் தேவையில்லை.

துளை சிறிதாகிவிட்டால், கையால் டிரில் போட்டுப் பெரிதாக்கலாமே என்று தோன்றும். அப்படிச் செய்தால் உட்சுவரில் உள்ள செம்பு உரிந்து, இரு பக்கத் தொடர்பும் அறுந்துவிடும். அதனால்தான் துளையின் அளவை ஆர்டருக்கு முன்பே சரிபார்க்க வேண்டும்.

கணக்கு எளிது

பாகத்தின் டேட்டாஷீட்டில் காலின் விட்டம் குறைந்தபட்சம், அதிகபட்சம் என இரண்டாகத் தரப்பட்டிருக்கும். அதிகபட்ச அளவை எடுத்து, அதனுடன் 0.2 முதல் 0.25 மி.மீ. வரை கூட்டினால் துளையின் அளவு கிடைக்கும்.

உதாரணமாக, 1என்4007 டையோடின் காலுக்கு அதிகபட்ச விட்டம் 0.86 மி.மீ. கணக்குப்படி 1.1 மி.மீ. துளை வேண்டும். "0.9 போதுமே" என்று வைத்தால் என்ன ஆகும்? துளையின் அளவில் 0.08 மி.மீ. வரை கூடவோ குறையவோ செய்யலாம் என்று கம்பெனி சொல்லியிருந்தால், 0.9 என்று கேட்டது 0.82 ஆகவும் வரலாம். அப்போது கால் நுழையாது. சிறிய 1என்4148 டையோடுக்கு லைப்ரரியில் உள்ள 0.8 மி.மீ. துளையை அப்படியே 1என்4007-க்கும் பயன்படுத்துவது, புதிதாகப் பழகுபவர்களிடம் அடிக்கடி நேரும் தவறு.

சதுரக் காலுக்கு மூலைவிட்டத்தைக் கணக்கிட வேண்டும். ஹெடர் பின்னின் ஒரு பக்கம் 0.64 மி.மீ. என்றால் மூலைவிட்டம் ஏறக்குறைய 0.91 மி.மீ. இதற்கு 1.0 மி.மீ. துளை சற்று இறுக்கமாக இருக்கும், 1.1 தாராளமாக இருக்கும். ரெகுலேட்டர், டிரான்சிஸ்டர்களின் தட்டையான காலுக்கும் இதே முறைதான்.

கால் வாட் ரெசிஸ்டருக்கும் சாதாரண டி.ஐ.பி. வகை ஐ.சி.க்கும் 0.8 மி.மீ. பெரும்பாலும் சரியாக இருக்கும். டெர்மினல் பிளாக், ரிலே, டிரான்ஸ்ஃபார்மர் போன்றவை தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறுபடும். டேட்டாஷீட் கிடைக்காவிட்டால் பாகத்தைக் கையில் வைத்து, வெர்னியர் காலிப்பரால் அளந்துவிடுங்கள்.

துளையை அளவுக்கு மீறிப் பெரிதாக்குவதும் தவறு. சால்டர் இடைவெளியை முழுமையாக நிரப்பாது, பாகம் சாய்ந்து நிற்கும், இணைப்பும் பலவீனமாகும்.

பேட், வயா, ஸ்க்ரூ துளை

துளையைச் சுற்றியுள்ள செம்பு வளையமே பேட். டிரில் சற்று விலகினாலும் வளையம் அறுபடாத அளவுக்கு அகலம் தேவை. 1.1 மி.மீ. துளைக்கு 2.0 மி.மீ. பேட் வைத்தால், ஒவ்வொரு பக்கமும் 0.45 மி.மீ. செம்பு கிடைக்கும். ஆனால் 230 வோல்ட் வரும் பகுதியில் பேடைப் பெரிதாக்கும்போது, பக்கத்துப் பேடுக்கும் இதற்குமான இடைவெளி குறைகிறது என்பதை மறக்கக் கூடாது. உயிர்ப் பாதுகாப்பு அந்த இடைவெளியில் இருக்கிறது.

மேல்–கீழ்ப் பக்கங்களை இணைக்க மட்டும் பயன்படும் வயாவில் எந்தக் காலும் நுழைவதில்லை. 1.6 மி.மீ. தடிமன் போர்டுக்கு 0.3 மி.மீ. துளையும் 0.6 மி.மீ. பேடும் பொதுவாகப் போதும். மிகச் சிறிய துளைக்குள் செம்பு சீராகப் படிவது கடினம்; செலவும் கூடும்.

எம்3 ஸ்க்ரூவுக்கு 3.2 மி.மீ. துளை வையுங்கள். ஸ்க்ரூவின் தலை அமரும் வட்டத்துக்குள் எந்த வழித்தடமும் வரக் கூடாது.

வீட்டிலேயே ரசாயனத்தில் கரைத்துச் செய்யும் ஒற்றைப் பக்க போர்டில் துளைச் சுவரில் பூச்சு கிடையாது. பசை மட்டுமே பேடைப் பிடித்திருக்கிறது. சூட்டில் அது பெயர்ந்து வராமலிருக்கப் பேடை இன்னும் அகலமாக வையுங்கள்.

ஆர்டர் கொடுக்கும் முன்

1. எல்லாப் பாகங்களின் கால் அளவையும் துளை அளவையும் ஒரே தாளில் எழுதி ஒப்பிடுங்கள்.
2. வடிவமைப்பை 100 சதவீத அளவில் பிரிண்ட் எடுத்து, பாகங்களை அதன் மேல் வைத்துக் கால்களுக்கு இடையிலான தூரத்தைச் சரிபாருங்கள். துளையின் அளவைக் காலிப்பர் கணக்கால் மட்டுமே உறுதி செய்யுங்கள்.
3. டிரில் ஃபைலில் அளவுகள் மில்லிமீட்டரிலா, அங்குலத்திலா என்று பாருங்கள்.
4. பூச்சு வேண்டிய துளை, வேண்டாத துளை இரண்டையும் பிரித்துக் குறிப்பிடுங்கள்.
5. முதல் ஆர்டரில் குறைந்த எண்ணிக்கையே வாங்குங்கள்.

பிள்ளையின் புராஜெக்டுக்குப் பெற்றோர் தரும் பணமும், வாடிக்கையாளர் தரும் முன்பணமும் நம் கையில் உள்ள அமானிதம். அரை மணி நேரம் அளந்து பார்த்தால் அது வீணாகாமல் காக்கலாம், இன்ஷா அல்லாஹ்.