ரத்தம் நிறைய, ஆனாலும் பஞ்சம்: சிரோசிஸ் புதிர் அவிழ்ந்த கதை

சிரோசிஸ் முற்றிய ஒருவரை நினைச்சுப் பாருங்க. வயிறு நீர் கோத்து உப்பியிருக்கும், நாட்டு வைத்தியத்தில் மகோதரம் என்பார்கள். கை கால் மெலிந்திருக்கும். ஆனா உள்ளங்கையைத் தொட்டால் சூடு, நாடி துள்ளும். ரத்த அழுத்தம் மட்டும் குறைவு. இதெல்லாம் எப்படி ஒரே உடம்பில்?

நோய்க்குப் பெயர் வந்தது 1819-ல். ஸ்டெதாஸ்கோப் தந்த லென்னெக், ஈரலின் பழுப்பு மஞ்சள் நிறத்தைப் பார்த்து ஒரு கிரேக்கச் சொல்லிலிருந்து வச்ச பேர் அது. ரத்த ஓட்டம் பற்றி அந்தப் பேரில் ஒன்றும் இல்லை.

1953-ல் பாஸ்டனில் கோவால்ஸ்கி, ஏபெல்மன் இருவரும் இந்த நோயாளிகளின் இதயம் நிமிடத்துக்கு எவ்வளவு ரத்தம் தள்ளுகிறது என்று அளந்தார்கள். படுத்துக் கிடக்கும் மனிதர்கள்தான், ஆனால் பலருக்கு அது வழக்கத்தைவிட அதிகம்.

அப்போதைய பாடம் இதுதான்: தழும்பேறிய ஈரல் ரத்தத்துக்கு வழி விடாது, குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரையில் அழுத்தம் ஏறும், நீர் வயிற்றுக்குள் கசியும், ரத்தம் குறையும், அதை ஈடுகட்டச் சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைக்கும். கேட்க நல்லாத்தான் இருக்கு. 1960-களில் லீபர்மனும் ரெனால்ட்ஸும் பிளாஸ்மாவை அளந்தார்கள். குறையவில்லை, கூடியிருந்தது! அப்போ சிறுநீரகம்தான் முதலில் உப்பைச் சேர்க்குது, அது நிரம்பி வழிஞ்சுதான் வயிற்றில் தேங்குது என்று பாடத்தையே தலைகீழாக்கினார்கள்.

அதிலும் ஓட்டை. ரத்தம் நிரம்பி வழிந்தால் அழுத்தம் ஏறணும் இல்லையா? இங்கே இறங்குது. ரெனின் போன்ற ஹார்மோன்களோ வறட்சி வறட்சி என்று கத்துகின்றன.

எனக்கு இந்தக் கதையிலேயே பெரிதாகப் படுவது 1969-ல் நடந்தது. ஈரல் நோயால் சிறுநீரகம் நின்றுபோய் இறந்தவர்களின் சிறுநீரகங்களை எடுத்து, ஈரல் நன்றாக இருந்த வேறு நோயாளிகளுக்குப் பொருத்தினார்கள் கோப்பல் குழுவினர். நின்றுபோன அந்த உறுப்புகள் புது உடம்பில் சிறுநீர் பிரித்தன. 1973-ல் இன்னொரு பக்கத்திலிருந்து சாட்சி: ஈரலை மாற்றியதும் நோயாளியின் சொந்தச் சிறுநீரகமே மீண்டது. ஆக, சிறுநீரகத்தில் பழுதே இல்லை. அதற்குப் போகிற ரத்த ஓட்டத்தில்தான் கோளாறு.

முடிச்சை அவிழ்த்தது 1988-ல் ஷ்ரையரும் வேறு ஐந்து மருத்துவர்களுமாக எழுதிய கட்டுரை. குடலைச் சுற்றிய தமனிகள் விரிந்துவிடுகின்றன என்றார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் கேட்பவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். தலைமடையில் வாய்க்கால் அகண்டுபோய்த் தண்ணி அங்கேயே நிற்குது. கடைமடைக்காரர் வரலை வரலை என்கிறார். அணையில் இன்னும் திறக்கிறார்கள். அதுவும் மேலேயே கரை வழியுது, கடைமடை காயுது. மொத்த ரத்தம் அதிகம். இதயத்தையும் பெருந்தமனியையும் ஒட்டிய பகுதியில் குறைவு. அழுத்தத்தை உணரும் நரம்புகள் பார்ப்பது அந்தப் பகுதியைத்தான். குழாய்களை விரிப்பது நைட்ரிக் ஆக்சைடாக இருக்கலாம் என்று 1991-ல் வாலன்ஸ், மோன்காடா சொன்னார்கள்.

இன்றைக்கு வார்டில் இது எங்கே தெரியும்? வயிற்றிலிருந்து 5 லிட்டருக்கு மேல் நீர் எடுத்தால், லிட்டருக்கு 6 முதல் 8 கிராம் கணக்கில் அல்புமின் ஏற்றுவார்கள். நீரை எடுத்துட்டு இவ்வளவு விலைக்கு எதுக்கு மறுபடி ஏத்துறாங்கன்னு வீட்டுக்காரங்க கேட்பது நியாயம்தான். அல்புமின் ஏற்றாமல் எடுத்தால் ஏற்கெனவே வறண்ட பகுதி மேலும் வறண்டு, சிறுநீரகம் கெடும். இதை 1988-லேயே பார்சிலோனா மருத்துவர்கள் சோதித்துக் காட்டினார்கள். மூட்டுவலிக்கு மெடிக்கலில் வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் இவர்களுக்கு ஆகாது என்பதும் இதனால்தான். சிறுநீரகத்துக்குப் போகும் குழாயை இந்த நெருக்கடியிலும் திறந்து வைத்திருப்பது புரோஸ்டாகிளாண்டின். அந்த மாத்திரைகள் தடுப்பது அதைத்தான்.