தோற்ற பாட்டின் பணி

1974ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆந் திகதி, இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நடைபெற்ற யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் 17 நாடுகள் பங்குபற்றின. போர்த்துக்கலின் சார்பிற் பாவுலோ டி கார்வாலியோ பாடிய காதற் பிரிவுப் பாடல் 3 புள்ளிகளே பெற்று, வேறு சில நாடுகளுடன் கடைசி இடத்தைப் பகிர்ந்துகொண்டது.

அந்நாட்டை அப்பொழுது 48 ஆண்டுகாலச் சர்வாதிகாரம் அழுத்தி நின்றது. ஆபிரிக்கக் குடியேற்ற நாடுகளில் 13 ஆண்டுகளாக நீடித்த போரிற் சலிப்புற்ற இளம் படையதிகாரிகள் புரட்சிக்கு நாட்குறித்தனர். படைகளுக்கு மறைவாகச் செய்தி அறிவிப்பது எங்ஙனம்? எவரும் ஐயுறாத பாட்டொன்று வேண்டியிருந்தது.

ஏப்ரல் 24ஆந் திகதி இரவு 10.55 மணிக்கு லிஸ்பன் வானொலி நிலையமொன்று அத்தோற்ற பாட்டை ஒலிபரப்பியது. ஆயத்தமாகுக என்பதே அதன் குறிப்பு. நள்ளிரவின் பின் வேறொரு நிலையத்தில் ஒலித்த மற்றொரு பாடல் புறப்படுக என்றது. மறுநாள் மாலைக்குள் ஆட்சி வீழ்ந்தது.

அரசியல் ஒரு சொல்லேனும் அப்பாட்டில் இல்லை. அதனாலேயே அஃது அப்பணிக்கு உரியதாயிற்று.