தஞ்சாவூர் வீணை

தஞ்சாவூரில் பலா மரத்தில் செய்யப்படும் நரம்பிசைக் கருவி. ஏறத்தாழ நான்கடி நீளம், 7 தந்திகள், அசையாத 24 மெட்டுகள். 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. யாளி முகமும் குடத்தின் மேல் வரைந்த பூவேலையும் படங்களில் எடுப்பாகத் தெரியும். ஆனால் இதன் உயிர் மெழுகில் இருக்கிறது.

இன்றைய அமைப்பைத் தஞ்சாவூர் மன்னர் ரகுநாத நாயக்கர் காலத்தோடு (1600–1634) சேர்த்துச் சொல்வது மரபு. அவர் பெயரால் ‘ரகுநாத மேள வீணை’ என்ற வழக்கும் உண்டு. ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு வீதம் இரண்டு ஸ்தாயிக்கு 24 மெட்டுகளை நிலையாகப் பதித்துவிட்டால், ராகம் மாறும்போது மெட்டை நகர்த்த வேண்டியதில்லை. ரகுநாதரின் அமைச்சர் கோவிந்த தீட்சிதரின் மகன் வேங்கடமகி, ‘சதுர்தண்டி பிரகாசிகை’யில் 72 மேளங்களை (தாய் ராகங்களை) வகுத்தார். பன்னிரண்டு சுரத்தானங்களை வைத்துப் போட்ட கணக்கு அது. அந்தப் பன்னிரண்டும் வீணையின் கழுத்தான தண்டியில் கண்ணுக்கு எதிரே வரிசையாக நிற்கின்றன.

முற்றிய பலாவே மரம். பண்ருட்டிப் பக்கத்துப் பலாவுக்குத் தனி மதிப்பு. குடம், தண்டி, யாளி முகம் மூன்றையும் ஒரே கட்டையில் குடைந்தால் அது ஏகாண்ட வீணை. தனித்தனியாகச் செய்து பொருத்தினால் ஒட்டு வீணை. குடத்தின் சுவரை எவ்வளவு மெல்லியதாகச் செதுக்கலாம் என்பதைத் தச்சர் தட்டிக் கேட்டே முடிவு செய்கிறார். யாளிப் பக்கம் தொங்கும் இரண்டாம் குடம் முன்பு சுரைக்காய். இப்போது காகிதக்கூழிலோ ஃபைபரிலோ செய்கிறார்கள். அழகுக்குப் பதித்த தந்தத்தின் இடத்தில் பிளாஸ்டிக் தகடு வந்துவிட்டது. யானைகளை நினைத்தால் அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

மரவேலை முடிந்த பிறகுதான் மெட்டுகளைப் பதிக்கும் மேளம் கட்டுதல். தேன்மெழுகில் கரித்தூள் முதலியவை கலந்து, இளக்கிப் பிசைந்து, தண்டியின் இரு ஓரங்களிலும் வரப்புப்போல் இடுவார்கள். அதன் மேல் மெட்டுகள் அமரும். முதல் தந்தியான சாரணியை மீட்டியபடி ஒவ்வொரு மெட்டையும் மயிரிழை அளவுக்கு முன்னும் பின்னும் தள்ளி, சுரம் காதில் சேரும் இடத்தில் அழுத்தி நிறுத்துவார்கள். ஒரு மெட்டு சற்றே உயர்ந்தாலும், அதற்கு முந்தைய மெட்டில் அழுத்தும்போது தந்தி இதில் உரசி இரையும். தாழ்ந்தால் இதில் அழுத்தும்போது அடுத்த மெட்டில் உரசும். கமகத்துக்குத் தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கும்போதும் இந்த மட்டம் கெடக்கூடாது. சுருதி காட்டும் கைபேசிச் செயலி மெட்டு நிற்கும் இடத்தைச் சொல்லலாம், இழுப்பில் அது எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்லாது.

ரகுநாதர் வாழ்ந்த அதே 17ஆம் நூற்றாண்டில் பாரிசில் ரெனே வோபோவாமும் அவர் மகன்களும் கிதார் செய்துகொண்டிருந்தார்கள். ரெனே 1641இல் செய்த ஒன்று ஆக்ஸ்ஃபோர்டின் அஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஐந்து இணைத் தந்திகள், கருங்காலியும் தந்தமும் மாறி மாறி ஓடும் கரை, ஒலித்துளையில் தோலைக் கத்தரித்துச் செய்த பூ. நம் குடப்பலகையில் வட்டமாகத் துளைத்த சிறு துளைகளுக்கு அந்தப் பூ தூரத்துச் சொந்தம் போலிருக்கும். ஆனால் அந்தக் கிதாரின் மெட்டுகள் கழுத்தில் சுற்றிக் கட்டிய குடல்நரம்புகள்; வாசிப்பவரே நகர்த்திக்கொள்ளலாம். வீணைக்காரருக்கு அந்த வசதி கிடையாது. மெழுகு இளகி மேளம் கலைந்தால் தச்சரைத்தான் தேட வேண்டும். வோபோவாம்கள் கருவியில் பெயரும் ஆண்டும் பொறித்தார்கள். பழைய தஞ்சாவூர் வீணைகளோ பெரும்பாலும் செய்தவர் பெயரின்றியே கைமாறின. வீணை தனம்மாளின் (1867–1938) பெயரை அறிந்தவர்களில் அவர் வீணையைச் செய்தவரை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

தஞ்சாவூர் வீணைக்கு அண்டைவீட்டுக்காரர் மைசூர் வீணை. ஈட்டி மரத்திலும் செய்யப்படும் அது, வீணை சேஷண்ணாவின் (1852–1926) மரபால் புகழ்பெற்றது. தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே கடைத்தெருவில் புழங்கும் எல்லையோரச் சூளகிரி, ஓசூர்ப் பக்கம் இரண்டு மரபுகளுக்கும் நடுவில் கிடக்கிறது. அங்கிருந்து பெங்களூர் ஒரு பேருந்துத் தூரம். தஞ்சாவூருக்குப் போக ஒரு நாள் கழியும். வீணையை எடுத்துப் போவதானால் வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்கக்கூடாது. மெழுகுக்கு அந்தச் சூடு போதும், 24 மெட்டையும் மறுபடி உட்கார வைக்க வேண்டிவரும்.