மாஸி முப்பத்தைந்தின் மெட்ராஸ் வரலாறு

1840இல் தொடங்கிக் கோச்சு வண்டி கட்டிப் பிழைத்த மவுண்ட் ரோடு சிம்சன் கம்பெனி நெல் வயலுக்குள் இறங்கியது 1960இல். நேரடியாக அல்ல, பங்காளி நிறுவனத்தின் வழியாக. சிம்சனைக் கைக்குள் வைத்திருந்த அமால்கமேஷன்ஸ் குழுமத்தின் எஸ். அனந்தராமகிருஷ்ணன், மாஸி ஃபெர்குசன் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து அந்த ஆண்டில் டாஃபே என்ற டிராக்டர் நிறுவனத்தைத் தொடங்கினார். ஆலை வடசென்னையின் செம்பியத்தில். வண்டிக்கு எஞ்சின் கொடுக்க சிம்சன் பக்கத்திலேயே இருந்தது. பெர்கின்ஸ் டீசல் எஞ்சின்களை அது 1950களிலேயே செய்து பழகியிருந்தது.

1961-62இல் இந்தியா முழுவதும் செய்யப்பட்ட டிராக்டர்கள் வெறும் 880. நகரத்தின் சொந்த ஏரிகளும் வயல்களுமோ அதற்கு வெகுமுன்பே மறையத் தொடங்கிவிட்டன: மாம்பலத்து ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் எழுந்தது 1920களில். பின்னாளில் டாஃபேயின் தலைமை அலுவலகம் நுங்கம்பாக்கத்தில் அமைந்தது. அரசின் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகம் நந்தனத்தில். உழவே இல்லாத நகரத்தில் உட்கார்ந்துகொண்டுதான் உழவு இயந்திரத்தின் கணக்குகள் போடப்பட்டன.

செம்பியத்துக்கு வந்த வடிவம் ஹாரி ஃபெர்குசனுடையது. அயர்லாந்துக்காரரான அவரது டி.இ.20 வண்டி 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் காவென்ட்ரியில் 5 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. அதன் வாரிசுதான் மாஸி ‘35’. ஏறத்தாழ ஒன்றரை டன் எடை, முப்பத்தைந்து சொச்சம் குதிரைத் திறன். இதன் சூட்சுமம் கலப்பையை மாட்டும் விதத்தில் இருக்கிறது. ஃபெர்குசனுக்கு முன்பு டிராக்டர்கள் கலப்பையைப் பின்னால் கட்டி இழுத்தன. கொழு பாறையில் மாட்டினால் முன்சக்கரம் மேலே எழும்பி வண்டியே கவிழும், ஓட்டுபவர் உயிரே போகும். ஃபெர்குசன் கலப்பையை மூன்று புள்ளிகளில் வண்டியோடு பிணைத்தார். மண் இறுகினால் மேல் இணைப்புத் தண்டில் அழுத்தம் கூடும். ஹைட்ராலிக் அதை உணர்ந்து கலப்பையைச் சற்றே தூக்கும். அந்தப் பாரம் பின்சக்கரத்துக்குப் போய் அதன் பிடியை இறுக்கும். கனமில்லாத வண்டி கனமான வண்டியின் வேலையைச் செய்ததன் ரகசியம் இதுதான்.

ஆனால் இந்தப் புகழ்பெற்ற நுட்பத்துக்குக் காவிரி டெல்டாவில் பாதி நேரம் வேலையில்லை. ஐந்து கொழுவோ ஒன்பது கொழுவோ மாட்டிப் புஞ்சையில் புழுதி உழவு ஓட்டும்போது அது அருமை. நஞ்சையில் தண்ணீர் கட்டிச் சேறடிக்கும்போது மண் எதிர்ப்பதே இல்லை; அங்கே புதையாமல் போவதுதான் சிக்கல். பின்பக்கம் இரும்புக் கேஜ் வீல் மாட்டி, கலப்பையைக் குறித்த உயரத்தில் நிறுத்தி, வரப்போரம் வட்டமடித்துச் சேறாக்குவார்கள். அங்கே மாஸிக்குக் கைகொடுத்தது அதன் குறைந்த எடையும், வரப்பு முனையில் சட்டென்று திரும்பும் உருவமும்தான். அதே கேஜ் வீலோடு தார்ச்சாலையில் ஏறினால் சாலை கீறிப் பாழாகும்; கூடாது என்று மாவட்ட நிர்வாகங்கள் இன்றும் சலிக்காமல் எச்சரித்துக்கொண்டிருக்கின்றன.

பசுமைப் புரட்சி ஆண்டுகளில் தேவை உற்பத்தியை மிஞ்சியது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து செட்டார், பெலாரஸ் வண்டிகள் இறக்குமதியாயின. 1971இல் டிராக்டர் விநியோகத்துக்கும் விற்பனைக்கும் மத்திய அரசு கட்டுப்பாட்டு ஆணையே போட்டது. பதிந்துவிட்டுக் காத்திருந்து வாங்கிய வண்டியை யார்தான் சீக்கிரம் கழித்துவிடுவார்கள்?

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் டிராக்டர் பரவியதைச் சொந்த வண்டிகளின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் அளப்பது தவறு. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இங்கு ஒரு நில உடைமையின் சராசரி 0.75 ஹெக்டேர், இரண்டு ஏக்கருக்கும் குறைவு. அந்த நிலத்துக்கு ஒரு வண்டி வாங்கினால் கட்டுபடியாகாது. ஊருக்கு ஒருவரோ இருவரோ வாங்க, மற்றவர்கள் மணிக்கு இவ்வளவு என்று கொடுத்து ஓட்டிக்கொண்டார்கள். வேளாண்மைப் பொறியியல் துறையும் இயந்திரங்களை வாடகைக்கு விட்டது. இப்போது அரசின் உழவன் செயலியிலேயே பதியலாம். கொரோனா ஊரடங்குக் காலத்தில் டாஃபே சிறு விவசாயிகளுக்கு வாடகையில்லாமல் உழுது கொடுத்ததும் இந்தச் செயலி வழியாகத்தான்.

வாடகை ஓட்டத்தில் வண்டி சும்மா நிற்பதில்லை, தேய்மானமும் அதிகம். அப்படியும் பழைய வண்டிகள் பிழைத்துக் கிடப்பதற்கு வலுவான காரணம், அந்த வடிவம் இங்கேயே தொடர்ந்ததுதான். மூன்று சிலிண்டர் எஞ்சினோடு 1035 என்ற பெயரில் அதன் வழித்தோன்றல் இன்னும் விற்பனையில் இருக்கிறது. வாடகைக்கு விடுவோர் ரோட்டவேட்டருக்காக 45, 50 குதிரைத் திறன் வண்டிகளுக்குப் போய்விட்டாலும், தென்னந்தோப்பிலும் கரும்புப் பார்களுக்கு இடையிலும், டிப்பர் இழுக்கவும் சின்ன வண்டியே தோது.

மாஸி ஃபெர்குசன் என்ற பெயர் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு மட்டும் பாக்கியிருந்தது. மாஸி ஃபெர்குசனை வாங்கியிருந்த அமெரிக்காவின் ஆக்கோ நிறுவனம் 2024இல் டாஃபேயின் உரிமத்தை முறிக்க, நீதிமன்றம்வரை போனது விவகாரம். 2025இல் சமரசம் ஏற்பட்டது: இந்தியா, நேபாளம், பூட்டானில் அந்தப் பெயர் இனி சென்னை நிறுவனத்துக்கே உரியது.