வச்சிரமும் முழங்காலும்

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஆயுளின் பாதியை யந்திரத்தின் முன் நின்றே கழித்தவரும், பூந்தமல்லியில் மாடிப்படி ஏறி இறங்கி அலுத்த மூதாட்டியும், தம் முழங்கால் நோவை "ஜவ்வு தேஞ்சு போச்சு" என்ற ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். எலும்பு முனையின் வழவழப்பான பூச்சு, எலும்போடு எலும்பைப் பிணைக்கும் நார், இடையிலுள்ள பிறைவடிவ மெத்தை ஆகிய மூன்றுமே பேச்சுவழக்கில் ஜவ்வுதான். உண்மையில் தேய்வது முதலாவது. அதற்கு நூல்வழக்கில் குருத்தெலும்பு என்று பெயர். அழகிய பெயரே, ஆனால் வாழைக்குருத்து வெட்ட வெட்ட வளரும், இது வளராது.

மூன்றுக்கும் ஆதாரமான புரதம் கொலாஜன். கிரேக்க மொழியில் 'கொல்லா' என்பது பசை. ஆகவே கொலாஜன் பசையைப் பிறப்பிப்பது. பிராணிகளின் தோலையும் எலும்பையும் நெடுநேரம் காய்ச்சினால் பசை கிடைக்கும் என்று கைவினைஞர் அறிந்திருந்ததை வைத்தே, 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய ரசாயனிகள் இப்பெயரை இட்டனர். ஒரு பொருளை, அது சிதைந்தபின் என்னவாகிறதோ அதைக்கொண்டு அழைப்பது விசித்திரந்தான்.

அப்பசையை நம் தச்சர்கள் வச்சிரம் என்பர், பேச்சில் வஜ்ஜிரம். (மீன்கடை வஞ்சிரம் வேறு.) கட்டியை ஊறவைத்து, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்கும்போது எழும் நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர் மறவார். ஃபெவிகால் வந்தபின் பொருளும் சொல்லும் பட்டறையிலிருந்து ஒருசேர விலகின. வச்சிரத்தின் வடமொழி உறவு வஜ்ரலேபம்: வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதை அதற்குப் பக்குவங்கள் கூறுகிறது, 12ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய மானசோல்லாசமோ, எருமைத்தோலை வெண்ணெய்போல் குழையும்வரை காய்ச்சும்படி விதிக்கிறது. இந்திரனின் வச்சிராயுதம் ததீசி முனிவரின் எலும்பால் ஆனது என்ற புராணத்தை நினைத்தால், பசைக்கு இப்பெயர் வெகு பொருத்தம்.

காய்ச்சினால் அழிவது எது என்பதற்கு விடை சென்னையிலேயே கிடைத்தது. சென்னைப் பல்கலைக்கழகப் பௌதிகப் பேராசிரியர் ஜி. என். ராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவுடன், அடையாற்று மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து பெற்ற கங்காருவின் வால்நாணில் எக்ஸ் கதிரைச் செலுத்தி, கொலாஜன் மூன்று சங்கிலிகளாலான அமைப்பு என்று 1954இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். அச்சங்கிலிகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்ட முச்சுருளாக இருப்பதை மறு ஆண்டில் திருத்தமாகக் காட்டினார். ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றாமிடந்தோறும் மிகச் சிறிய அமினோ அமிலமான கிளைசீன் நிற்பதனாலேயே அவை இவ்வளவு நெருங்க முடிகிறது. கொதிநீரில் முறுக்கு அவிழ்ந்து சங்கிலிகள் பிரிகின்றன. அந்த அவிழ்ந்த நிலையே வச்சிரம்.

முழங்காலின் குருத்தெலும்பில் இருப்பது பெரும்பாலும் இரண்டாம் வகைக் கொலாஜன். சில மில்லிமீட்டரே தடித்த அந்தப் பூச்சுக்குள் அதன் இழைகள் மேற்பரப்பில் அதற்கு இணையாகப் படுத்தும், நடுவில் சாய்ந்தும், அடியில் எலும்பை நோக்கிச் செங்குத்தாக நின்றும், கோயில் மண்டபத்துத் தூணும் வளைவும்போல் அமைந்திருக்கின்றன. இதை 1925இல் பென்னிங்ஹாஃப் என்ற ஜெர்மானியர் வரைந்து காட்டினார். இழைகளுக்கிடையே சிக்கிய சர்க்கரைப் புரதங்கள் நீரை இழுத்து உப்ப முயல, இழைகள் அவற்றை இறுக்கிப் பிடிக்கின்றன. உடலின் பாரத்தைத் தாங்குவது இந்த இழுபறிதான். மேல்வலை நைந்தால் நீர் மிகுந்து, பூச்சு முதலில் ஊதி மென்மையாகிறது. தேய்வு பின்னரே வருகிறது. ரத்தக்குழாயில்லாத இடமாதலால் பழுது பார்ப்பதும் அரிது.

ஆவடி மருந்துக்கடையிலும் இன்று கேட்டால் கிடைக்கும் கொலாஜன் பொடியைப் பற்றி ஒரு வார்த்தை. தோலிலிருந்தோ மீன் செதிலிலிருந்தோ எடுத்து, நொதிகளால் துண்டாடப்பட்ட அப்பொடியில் முச்சுருள் இல்லை. வயிறு அதை மேலும் நறுக்கிவிடும். டப்பாவின் மேல் எப்பெயர் எழுதியிருப்பினும், தச்சர் கணக்கில் அது வச்சிரத்தின் இனமே.