பெக்மடைட் பாறையில் கனிமப் பதிலீடும் ஒளிர்வுப் படமும்

கருங்கல் குழம்பு இறுகி முடியும் தறுவாயில், நீரும் அரிய தனிமங்களும் மிகுந்து எஞ்சும் குழம்பிலிருந்து பெரும் படிகங்களாக விளையும் பாறை பெக்மடைட். ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ், மைக்கா ஆகியவை இதன் முதன்மைக் கனிமங்கள். முதலில் விளைந்த கனிமத்தைப் பின்னால் வந்த சூடான நீர்மம் கரைத்து, அதே இடத்தில் வேறொரு கனிமத்தைப் படியவைப்பது கனிமப் பதிலீடு. வெளிவடிவம் அப்படியே இருக்க, உள்ளே பொருள் மாறிவிடும். இதனால் சாதாரண நுண்ணோக்கியில் பழையதையும் புதியதையும் பிரித்தறிவது கடினம். அவற்றைப் பிரித்துக் காட்டுவதற்கு எதிர்மின்கதிர் ஒளிர்வுப் படம் உதவுகிறது.

மெருகேற்றிய மெல்லிய பாறைச் சீவலை வெற்றிடத்தில் வைத்து, 10 முதல் 20 கிலோவோல்ட் அளவில் முடுக்கிய எலக்ட்ரான்களை அதன்மேல் பாய்ச்சுவார்கள். கனிமம் ஒளிரும். நிறத்தைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் அதிலுள்ள நுண்ணளவு மாசுகளும் படிகக் குறைபாடுகளும்தான். மாங்கனீசு அப்படைட்டை மஞ்சளாகவும், மூவிணைதிற இரும்பு ஃபெல்ஸ்பாரைச் சிவப்பாகவும் ஒளிரச் செய்யும். ஈரிணைதிற இரும்பு ஒளியை அணைத்துவிடும். எதிர்மின்கதிர் பட்டுப் பொருள்கள் ஒளிர்வதை வில்லியம் குரூக்ஸ் 1879-இலேயே காட்டியிருந்தார். பாறைச் சீவல்களை ஆராயும் கருவியாக அது நிலைபெறத் தொடங்கியதோ 1965 வாக்கில்.

பெக்மடைட்டில் இம்முறை மிகுதியாகப் பயன்படுவது ஆல்பைட்டாக்கத்தை ஆராய்வதில். சோடியம் மிகுந்த நீர்மம் பொட்டாசியம் ஃபெல்ஸ்பாரைத் தின்று ஆல்பைட்டை விட்டுச்செல்கிறது. படத்தில் பழைய ஃபெல்ஸ்பார் வெளிர்நீலமாகத் தெரியும். அதைத் துளைத்துச் செல்லும் ஆல்பைட் நாளங்கள் பெரும்பாலும் மங்கலாகவோ செந்நிறமாகவோ தெரியும். இரண்டுக்கும் இடையிலான எல்லை கூர்மையாக இருந்தால், கனிமம் திடநிலையிலேயே மெல்ல ஊறி மாறவில்லை, நீர்மப் படலமொன்றில் கரைந்து உடனே மறுபடியும் படிந்திருக்கிறது என்று கொள்ளலாம். புதிய ஆல்பைட்டின் கன அளவு பழைய ஃபெல்ஸ்பாரைவிட ஏறத்தாழ 8 விழுக்காடு குறைவு. அந்த இடைவெளி நுண்துளைகளாக எஞ்சுகிறது. அடுத்து வரும் நீர்மத்துக்கு அவையே வழி. அத்துளைகளில் ஹேமடைட் துகள்கள் தங்குவதால் பல ஃபெல்ஸ்பார்கள் இளஞ்சிவப்பாகின்றன.

கிரைசனாக்கம் எனப்படும் மாற்றத்தில் அமில நீர்மம் ஃபெல்ஸ்பாரை வெண்மைக்காவாகவும் குவார்ட்ஸாகவும் மாற்றும். மைக்கா ஏறத்தாழ ஒளிர்வதில்லை. குவார்ட்ஸோ எலக்ட்ரான் பட்டதும் நீலப்பச்சையாக ஒளிர்ந்து சிறிது நேரத்தில் நிறம் மாறிவிடும். படமெடுப்பவர் கைவேகம் உள்ளவராக இருக்க வேண்டும். நிறத்தை மட்டும் வைத்துக் கனிமத்தின் பெயரைச் சொல்லிவிடுவது அவசரம். இரண்டு பகுதிகள் வேறானவை என்பதைத்தான் ஒளி காட்டும். ஏன் வேறானவை என்பதை எலக்ட்ரான் நுண்ஆய்வி அளக்கும் வேதியியல் விகிதம்தான் சொல்லும்.

மலேசியாவில் இத்தகைய ஆய்வுக்குரிய பாறை தித்திவாங்சா மலைத்தொடரின் டிரையாசிக் காலக் கருங்கல். அதைக் குறுக்கிடும் பெக்மடைட்டுகளிலும் அப்ளைட்டுகளிலும் கறுப்பு டூர்மலின் சாதாரணம். கெடாவின் செமெலிங்கும் ஜொகூரின் பக்ரியும் கொலம்பைட் என்னும் கனிமத்துக்குப் பெயர்பெற்றவை. சிலாங்கூரின் கடலோரத்தில் உள்ள கோலசிலாங்கூர் தோட்டங்கள் நிற்பதோ பெரும்பாலும் கடற்கரைக் களிமண்ணிலும் சதுப்புக் கரியிலும். அங்கே கருங்கல்லைத் தேடிப் பயனில்லை. ஆனால் உலு சிலாங்கூர் மலைகளில் சிதைந்த கருங்கல்லை சிலாங்கூர் ஆறு கீழே கொண்டுவருகிறது. அன்றைய பத்தாங் பெர்ஜுந்தையான இன்றைய பெஸ்தாரி ஜெயாவில் ஈயக் குளங்களும் மணல்மேடுகளும் எஞ்சக் காரணம் அந்த வண்டலிலிருந்த வெள்ளீயம். 1985-இல் விலை சரிந்தபின் நாடு முழுவதும் ஈயத்தொழில் சுருங்கியது.

ஈயம் பிரித்தபின் மிஞ்சும் கனமணலை மலேசியாவில் அமாங் என்பார்கள். இல்மனைட், சிர்க்கான், மோனசைட், செனோடைம் ஆகியவை அதில் இருக்கும். சிர்க்கானையும் வெள்ளீயக் கனிமமான காசிட்டரைட்டையும் ஒளிர்வுப் படத்தில் பார்த்தால் வளர்ச்சி வளையங்களும், பின்னர் கரைந்து மீண்டும் படிந்த ஓரங்களும் புலப்படும். யுரேனியம் மிகுந்து படிக அமைப்பு சிதைந்த சிர்க்கான் மட்டும் இருண்டே கிடக்கும். ஒவ்வொரு மணல்மணிக்குள்ளும் இருக்கும் வரலாறு இப்படிக் கிடைத்தாலும், பக்கத்தில் எந்தக் கனிமம் இருந்தது, எது எதைத் தின்றது என்பது ஆற்றோடு போய்விடுகிறது. அதற்கு மலைப்பாறைதான் வேண்டும். அங்கேயும் மழையும் வெப்பமும் மேற்பரப்பு ஃபெல்ஸ்பாரைக் கயோலின் களிமண்ணாக்கிவிடுவதால், ஆல்பைட்டாக்கத்தை ஆராய மாதிரி எடுப்பவர் கல்குவாரியின் புதிய வெட்டுமுகத்துக்கே போக வேண்டியிருக்கும்.