குறையும் குற்றமும்: ஓர் ஆங்கிலச் சொல்லின் சட்ட வரலாறு

மக்களின் மனக்குறையைச் சுட்ட ஆங்கிலத்திற் பல சொற்கள் உள. அவற்றுள் ‘டிஸ்கொன்டென்ற்’ என்பது நிறைவின்மையைக் குறிக்கும். ‘அதிருப்தி’ என நாம் வழங்குவது அதற்கு ஏறக்குறைய நேரானது. ‘டிஸ்அபெக்ஷன்’ என்பதோ வேறு வகையினது. ‘அபெக்ஷன்’ எனப்படும் அன்பு நீங்கிய நிலையே அதன் நேர்ப்பொருள். நிறைவின்மை வயிற்றிலும் தோன்றலாம், வயலிலும் தோன்றலாம். அன்பின்மை நெஞ்சில் மாத்திரமே தோன்றுவது. நெஞ்சுக்குரிய இச்சொல் சட்டத்தினுட் புகுந்தமையும், அதன் நிழல் முள்ளிவாய்க்கால் மணலிற் படிந்தமையும் ஈண்டு நோக்கற்பாலன.

1870இல் இந்தியத் தண்டனைச் சட்டக்கோவையில் 124அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டபோது, அரசின்மீது இவ்வுணர்வைத் தூண்டுதல் குற்றமாயிற்று. 1897இல் பம்பாயில் திலகர்மீது நடந்த வழக்கில், அன்பில்லாமையே இச்சொல்லின் பொருளென நீதிபதி ஸ்ட்ரேச்சி யூரிமாருக்கு விளக்கினார். ஆள்வோர்மீது அன்பில்லாதாரைத் தேடிப் பிடிப்பதாயின், வரி செலுத்தும் குடிகளுள் எத்தனைபேர் தப்புவர் என்பது வேறு கேள்வி. 1908இல் வ. உ. சிதம்பரம்பிள்ளைக்கு ஆயுட்கால நாடுகடத்தலை விதிக்கக் கருவியானதும் இப்பிரிவே. அன்பைச் சட்டத்தால் விளைவித்தல் இயலாது என்று 1922இல் அகமதாபாத் நீதிமன்றிற் காந்தியடிகள் கூறியது, அச்சொல்லின் உள்முரணைச் சரியாகத் தொட்ட விடையாகும். எனினும் அவருக்கும் ஆறாண்டுச் சிறையே கிடைத்தது.

இலங்கையில் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 120ஆம் பிரிவு, மேற்கூறிய இரு சொற்களையும் அருகருகே வைத்து இரண்டையும் குற்றமாக்கியது. அரசின் தவறுகளைத் திருத்தும் நோக்குடன் எடுத்துக்காட்டுதல் குற்றமன்று என்னும் விளக்கமும் அதனுடன் உண்டு. ஆயின், சொன்னவனின் நோக்கத்தை அளப்போர் அவனாற் குறைகூறப்பட்டோரே என்பதை மறத்தலாகாது.

தமிழ் மரபு இவ்வாறு நினைக்கவில்லை. ஈழத்துத் தமிழில் இன்றும் பொலிசிற் கொடுப்பது ‘முறைப்பாடு’. அச்சொல்லின் அடி ‘முறை’, முறையாவது நீதி. எனவே முறையிடுபவன் அன்பின்மையை வெளியிடுபவன் அல்லன், நீதியைக் கேட்பவன். திருக்குறளின் கொடுங்கோன்மை அதிகாரமும் அல்லற்பட்ட குடிகளின் கண்ணீரைக் குற்றமெனக் கொள்ளவில்லை. அரசனின் செல்வத்தைத் தேய்க்கும் படையென்றே கண்டது. ஆங்கிலச் சட்டச்சொல் பழியைக் குடியின் நெஞ்சில் வைக்க, தமிழ்ச்சொல் அதனை ஆட்சியின் செயலில் வைக்கின்றது. வன்னியின் அண்மைக்கால வரலாற்றை விளங்கிக்கொள்ள இவ்வேறுபாடு பெரிதும் உதவும்.

விடுதலைக்குப் பின்னரும் 120ஆம் பிரிவு நீக்கப்படவில்லை. வகுப்பாரிடையே வெறுப்புணர்வும் பகைமையும் வளர்த்தல் பற்றிய அதன் வாசகம், 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் ஏறக்குறைய அப்படியே மீண்டும் தோன்றியது. பழைய பிரிவில் இரண்டாண்டுச் சாதாரண மறியலே உச்சத் தண்டனை. புதிய சட்டத்தில் அது இருபதாண்டாக உயர்ந்தது. போர் முடிந்து மூன்று மாதங்களின் பின், 2009 ஓகஸ்ற் 31இல், பத்திரிகையாளர் திசைநாயகத்துக்கு விதிக்கப்பட்டதும் மொத்தம் இருபதாண்டே. அவர்மீதான குற்றச்சாட்டுக்களுள் அவர் எழுதியவையும் அடங்கின. 2010இல் அவருக்குப் பொதுமன்னிப்பு வழங்கப்பட்டது.

நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலமே முள்ளிவாய்க்கால். 2009 மே மாதத்தில் அங்கு இறந்தோர் தொகை இன்றும் வழக்கிலுள்ளது. 2011 சனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு, கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு முன் ஒரு கணக்கை வைத்தார். 2008 ஒக்ரோபரில் வன்னியில் இருந்தோர், கச்சேரிப் பதிவின்படி 4,29,059. அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோர் 2,82,380. எஞ்சிய 1,46,679 பேர் எங்கே என்பதே அவர் கேள்வி. அதில் அன்பும் இல்லை, அன்பின்மையும் இல்லை, வெறுங் கழித்தற்கணக்கு. முதல் எண்ணை அரச ஏட்டிலிருந்தே எடுத்து அரசிடமே முறையிட்டமை குறிப்பிடத்தக்கது.

ஆயினும் அங்கு முறைப்பாடுகள் பகையுணர்வாகவே பெரும்பாலும் செவிமடுக்கப்பட்டன. 2017 மே மாதத்தில், முள்ளிவாய்க்கால் கிழக்கில் இறந்தோரின் பெயர் பொறித்த கற்களை நாட்டும் முயற்சிக்கு எதிராகப் பொலிசார் நீதிமன்றிற் தடை பெற்றனர். 2024 மே மாதத்தில், திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் முள்ளிவாய்க்கால் கஞ்சி வழங்கியமைக்காகப் பெண்கள் உட்படச் சிலர் கைதாயினர். அரிசியும் நீரும் உப்புமே அக்கஞ்சி. போரின் இறுதி நாட்களில் அம்மக்களுக்குக் கிடைத்த உணவு அது. கல்லில் ஒரு பெயரும் சிரட்டையிற் கஞ்சியும் நாட்டமைதிக்கு ஊறு எனக் கருதப்படுவதாயின், ஸ்ட்ரேச்சியின் விளக்கம் இன்னும் உயிருடன் இருக்கின்றது எனலாம்.

முள்ளிவாய்க்காலிற் போர் முடிந்த அதே 2009ஆம் ஆண்டிலேயே பிரித்தானியப் பாராளுமன்றம் தன் நாட்டில் அரசநிந்தைக் குற்றத்தை ஒழித்தது. இந்தியாவில் 2024 யூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டக்கோவையில், அரசுக்கெதிரான குற்றத்தைக் கூறும் பிரிவிலிருந்து ‘டிஸ்அபெக்ஷன்’ என்னும் சொல் விடப்பட்டது. இலங்கைச் சட்டக்கோவையின் 120ஆம் பிரிவில் அச்சொல் இன்றும் உண்டு.